ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வரவில்லையா? ஜாமீன்தாரர் கொடுக்கும் வேலைக்கு ஒரு வழிகாட்டி

என் அக்கா மகனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஜாமீன் கிடைத்தது. தெருவில் நடந்த கைகலப்பு வழக்கு. வக்கீல் போன் செய்து "ஜாமீன் ஆகிடுச்சு சார்" என்றதும் அக்கா அழுதுகொண்டே சமையலை ஆரம்பித்துவிட்டாள், ராத்திரி சாப்பாட்டுக்குப் பையன் வந்துவிடுவான் என்று. அவன் வீட்டுக்கு வந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை காலை.

அந்த ஏழு நாளில் பெரும்பகுதி எங்கள் அறியாமையால் போனது. நீதிபதி உத்தரவு போட்டுவிட்டால் கதவு திறந்துவிடும் என்று நினைத்திருந்தோம். உத்தரவுக்கும் சிறைக் கதவுக்கும் நடுவில் "ஜாமீன்தாரர் கொடுப்பது", அதாவது ஆளுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிறவரை நீதிமன்றத்தில் நிறுத்துவது, என்று ஒரு தனி வேலை இருக்கிறது. வக்கீல்களுக்கு அது தினசரி வேலை என்பதால் விளக்கிச் சொல்லத் தோன்றுவதில்லை. நமக்கோ அதுதான் முதல் முறை.

தமிழ்நாட்டு நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றங்களில் சாதாரணக் குற்ற வழக்குகளுக்கு நடக்கும் முறையைத்தான் எழுதுகிறேன். போதைப்பொருள், உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) போன்ற தனிச் சட்ட வழக்குகளின் கதை வேறு. உங்கள் வக்கீல் சொல்வதற்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

1. கிடைத்திருப்பது எந்த வகை ஜாமீன் என்று கேளுங்கள்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பி.என்.எஸ்.எஸ். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். பிரிவு எண்கள் மாறிவிட்டன. 436, 437, 439 என்று பழைய எண்களைச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், குழம்ப வேண்டாம். இப்போது அவை 478, 480, 483. முன்ஜாமீன் 438-லிருந்து 482 ஆகிவிட்டது.

ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் அது உங்கள் உரிமை. காவல் நிலையத்திலேயே விட வேண்டும். 'ஸ்டேஷன் பெயில்' என்பது இதுதான். நீதிமன்றம் வரை போக வேண்டிய அவசியமே இல்லை.

மற்ற குற்றங்களுக்கு நீதிமன்றம்தான் ஜாமீன் தர வேண்டும். அதிலும் 'சொந்த ஜாமீன்' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், வேறு ஆள் தேவையில்லை. புதிய சட்டம் இந்த இரண்டையும் தனித்தனியாகவே வரையறுக்கிறது: ஜாமீன்தாரர் இல்லாமல் எழுதித் தருவது ஒன்று, ஜாமீன்தாரரோடு எழுதித் தருவது இன்னொன்று. உங்கள் உத்தரவில் எது என்று முதல் நாளே தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

60 நாளிலோ 90 நாளிலோ போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கேட்டுப் பெறும் ஜாமீன் ஒன்றும் உண்டு. பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை, ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு 90, மற்றவற்றுக்கு 60. தானாக வராது, குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் மனு போட்டுக் கேட்க வேண்டும். அதற்கும் ஜாமீன்தாரர் கொடுத்தாக வேண்டும், அந்த விஷயத்தில் சலுகை கிடையாது.

2. உத்தரவை ஒரு வரி விடாமல் படியுங்கள்

"ஜாமீன் ஆகிடுச்சு" என்ற செய்தியோடு நின்றுவிடாதீர்கள். உத்தரவு நகலைக் கையில் வாங்கிப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் வக்கீலின் ஜூனியரையோ குமாஸ்தாவையோ உட்காரவைத்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் இதைச் செய்யவில்லை. அதனால் ஒரு முழு நாள் போனது.

"பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையும், அதே தொகைக்கு இரு நபர் ஜாமீனும்" என்பது வழக்கமாக வரும் வாசகம். இதைக் கேட்டதும் எங்கள் மாமா ஒருவர் நகையை அடகு வைத்து முப்பதாயிரம் எடுத்து வந்துவிட்டார். அந்தப் பணம் தேவையே இல்லை! தொகையை யாரும் கட்டுவதில்லை. ஆள் வாய்தாவுக்கு வராமல் ஓடிப்போனால் அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுப்பது மட்டும்தான். உத்தரவில் 'ரொக்கமாக டெபாசிட் செய்ய வேண்டும்' என்று தனியாக எழுதியிருந்தால்தான் பணம் கட்ட வேண்டும்.

ஜாமீன்தாரர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவுகளில் அடிக்கடி போடுகிறார்கள். அந்த வரி இருந்தால் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் என்று ஒருவரை அழைத்துப் போங்கள். நண்பர்கள் இருவரோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஜாமீன் கொடுத்தது செஷன்ஸ் நீதிமன்றமாகவோ உயர் நீதிமன்றமாகவோ இருந்தாலும், ஜாமீன்தாரர்களைப் பெரும்பாலும் வழக்கு நடக்கும் நடுவர் நீதிமன்றத்தில்தான் நிறுத்த வேண்டும். எந்த நடுவர் என்று உத்தரவிலேயே எழுதியிருக்கும். ஒரே வளாகத்தில் 1, 2, 3 என்று நடுவர் நீதிமன்றங்கள் இருக்கும் ஊர்களில் எண்ணை ஒருமுறைக்கு இரண்டு முறை பாருங்கள்.

முன்ஜாமீன் வாங்கியவர்களுக்கு முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இத்தனை நாளுக்குள், வழக்கமாக 15 நாளுக்குள், நடுவர் முன் ஆஜராகி ஜாமீன்தாரர் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். முன்ஜாமீன் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்து அந்தக் கெடுவைத் தவறவிட்டால் உத்தரவு பயனற்றுப் போகும். அதன்பின் போலீஸ் கைது செய்தால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. நாளை எதிலிருந்து எண்ணுவது என்பதையும் வக்கீலிடம் கேட்டுக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

கடைசியாக எழுத்துப் பிழை. பெயர், தகப்பனார் பெயர், வயது, குற்ற எண், காவல் நிலையம் எல்லாம் எஃப்ஐஆரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். குற்ற எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் சிறையில் ஆளை விடமாட்டார்கள். திருத்தம் வாங்க, உத்தரவு போட்ட நீதிமன்றத்துக்கே திரும்பப் போக வேண்டும்.

3. யாரை ஜாமீன்தாரராகக் கேட்பது

ஜாமீன் மனு போட்ட அன்றே இதை ஆரம்பியுங்கள். உத்தரவு வந்தபின் ஆள் தேடினால் எங்கள் கதிதான்.

தேவைப்படுவது இருவர் என்றால் நால்வரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வரும், ஒருவர் வீட்டில் மனைவி வேண்டாம் என்பார். வேண்டாம் என்கிறவர்மீது கோபப்படாதீர்கள், அது நியாயமான பயம்தான். கேட்கும்போதே பொறுப்பு என்ன என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்: "பையன் வாய்தாவுக்கு வராவிட்டால் பத்தாயிரம் வரைக்கும் உங்களிடம் கேட்பார்கள்." இதைச் சொல்லாமல் "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று அழைத்துப் போனால், நடுவர் கூண்டில் நிறுத்திக் கேட்கும்போது அவர் திகைத்துப் போவார். எங்களோடு வந்த ஒருவர் அப்படித்தான் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, கூட்டிட்டு வந்தாங்க" என்று சொல்லிவிட்டார். அவரை ஏற்கவில்லை. தவறு அவருடையதல்ல.

நிரந்தர முகவரி, ஏதோ ஒரு சொத்து அல்லது நிலையான வருமானம், ஆளைத் தெரிந்தவர் என்று சொல்லும்படியான உறவு அல்லது பழக்கம் இந்த மூன்றும் இருக்கிறவர் நல்ல ஜாமீன்தாரர். அவர்மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லாமல் இருப்பது நல்லது. அதே வழக்கில் சாட்சியாக இருக்கிறவரையோ உடன் குற்றம் சாட்டப்பட்டவரையோ அழைத்துப் போக நினைக்காதீர்கள்.

இன்னொன்று. பி.என்.எஸ்.எஸ். 486-வது பிரிவின்படி ஒவ்வொரு ஜாமீன்தாரரும் தான் இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நிற்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "போன வருடம் மச்சானுக்குப் போட்டேன்" என்றால் அதையும் சொல்லிவிடச் சொல்லுங்கள். சொன்னதால் மட்டும் நிராகரிக்க மாட்டார்கள். மறைத்தது தெரிந்தால்தான் சிக்கல்.

வெளியூர்க்காரர் கூடாது என்று யாராவது சொன்னால் உடனே பின்வாங்க வேண்டாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வலியுறுத்துவது விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம் என்றும், அத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் அந்த நிபந்தனையைப் போடாமல் இருக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று சொல்லியிருக்கிறது. நடைமுறையில் உள்ளூர்க்காரர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பதும் உண்மை. இருந்தால் அவரையே அழைத்துப் போங்கள், இல்லாவிட்டால் இந்த உத்தரவை வக்கீலுக்கு நினைவூட்டுங்கள்.

4. ஆவணங்கள்: எங்களுக்கு நான்கு நாள் போனது இங்கேதான்

எல்லா நீதிமன்றங்களுக்கும் பொதுவான ஒரே பட்டியல் கிடையாது. நடுவரைப் பொறுத்து மாறும். ஒருவர் வீட்டு வரி ரசீதோடு திருப்தி அடைவார், இன்னொருவர் கிராம நிர்வாக அலுவலர் சான்றும் கேட்பார். அதனால் முதல் வேலை, உங்கள் வக்கீலின் குமாஸ்தாவிடம் "இந்தக் கோர்ட்டில் இப்போது என்ன கேட்கிறார்கள்?" என்று விசாரிப்பது. வக்கீலைவிட குமாஸ்தாவுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு ஜாமீன்தாரரும் கொண்டு போக வேண்டியவை:

- ஆதார் அட்டை, அசலும் இரண்டு நகல்களும். குடும்ப அட்டையும் இருக்கட்டும்.
- பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் நான்கு. பத்திரத்தில் படம் ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்கச் சொல்லும் நிபந்தனை உயர் நீதிமன்ற உத்தரவுகளில் சகஜம்.
- வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்க நகல்.
- சொத்து அல்லது வருமானத்துக்கு ஆதாரம். இது ஒன்றுக்கு மேல் இருந்தால் நல்லது.

கடைசி வரியில்தான் எல்லாச் சிக்கலும். நடப்பு ஆண்டு வீட்டு வரி ரசீது, பட்டா சிட்டா, வண்டியின் ஆர்.சி., சம்பளச் சான்று, வைப்பு நிதி ரசீது என்று பலவும் ஓடும். நான் கொண்டுபோனது வீட்டு வரி ரசீது. தலைமை எழுத்தர் அதைப் பார்த்துவிட்டு "இது யார் பேர்ல இருக்கு?" என்றார். அப்பா பெயரில். அப்பா இறந்து ஆறு வருடம். "அவர்தான் வந்து ஜாமீன் போடணும்" என்றார், சிரிக்காமல்.

எனவே சொத்து ஆவணம் ஜாமீன் நிற்பவரின் சொந்தப் பெயரில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் கேள்வி வரும். பட்டா, சிட்டாவைத் தமிழக அரசின் இணையச் சேவையில் நீங்களே எடுக்கலாம், தாலுகா அலுவலகம் போக வேண்டியதில்லை. வரி பாக்கி இருந்தால் அன்றே கட்டிப் புது ரசீது வாங்குங்கள். பழைய ஆண்டு ரசீதை எடுத்துப் போய் வாதாடுவதைவிட அது சுலபம்.

இன்ஷியல் தகராறு அடுத்தது. எங்கள் இரண்டாவது ஜாமீன்தாரருக்கு ஆதாரில் ஒரு இன்ஷியல், ஆர்.சி.யில் இரண்டு. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி முன் அபிடவிட் எழுதி வாங்க அரை நாள். அதற்குள் நடுவர் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார்.

சால்வன்சி சான்றிதழ் (இவ்வளவு சொத்து மதிப்பு உள்ளவர் என்று வருவாய்த் துறை தரும் சான்று) கேட்டால் கவனம். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாகப் போய்த்தான் வரும். ஆள் உள்ளே இருக்கும்போது அதற்குக் காத்திருக்க முடியாது. பத்தாயிரம், இருபதாயிரம் போன்ற தொகைக்கு வேறு ஆவணங்களை ஏற்கும்படி கேட்டுப் பார்க்கலாம். ஜாமீன்தாரரின் தகுதிக்கு அபிடவிட்டையே ஆதாரமாக ஏற்றுக்கொள்ள 485-வது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தேவையென்றால் நீதிமன்றம் விசாரித்தும் கொள்ளலாம். இதை வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டும், நாம் போய்ச் சட்டம் பேசினால் எடுபடாது.

அசல் ஆவணங்களைக் காட்டிவிட்டு நகலைக் கொடுக்கப் பாருங்கள். அசலை வைத்துக்கொள்கிறோம் என்றால், எதை, எந்த வழக்கு எண்ணில், எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று எழுதி வைத்து, போன் கேமராவில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையின் கடைசியில் ஏன் என்று புரியும்.

5. "ஆள் நான் தர்றேன் சார்" என்பவர்கள்

ஆவணம் சரியில்லை என்று வாடிய முகத்தோடு வெளியே வந்தால், வாசலில் ஒருவர் அருகில் வருவார். இரண்டு பேர் ரெடி, ஆர்.சி., ரசீது எல்லாம் ரெடி, இவ்வளவு கொடுங்கள் போதும் என்பார். என்னிடமும் ஒருவர் வந்தார். அக்காவின் அழுகை காதில் இருந்ததால் ஒரு நிமிடம் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் கட்டணம் வாங்கிக்கொண்டு பிணை எழுதித் தரும் உரிமம் பெற்ற நிறுவனங்கள் உண்டு. சினிமாவில் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் அப்படி ஒரு தொழிலுக்கு உரிமமே கிடையாது. இங்கே வாசலில் நிற்பவர் கொண்டுவரும் ரசீது போலியாக இருக்கலாம், அதே ஆர்.சி.யை வேறு பத்து வழக்கிலும் காட்டியிருக்கலாம். பிடிபட்டால் போலி ஆவண வழக்கு ஜாமீன்தாரர் மேல் மட்டும் வராது, ஏற்பாடு செய்த உங்களையும் தேடி வரும். பையனின் ஜாமீனும் ரத்தாகும். ஒரு வழக்குக்கு இரண்டு வழக்கு.

"எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க" என்று உங்கள் பக்கத்து ஆட்களே சொன்னாலும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

6. நீதிமன்றத்தில் அந்த நாள்

காலை 10 மணிக்குள் போய்விடுங்கள். ஜாமீன்தாரர்களுக்கு அன்று முழுநாள் விடுப்பு என்று முன்கூட்டியே சொல்லுங்கள், "ஒரு மணி நேர வேலைதான்" என்று அழைத்துவராதீர்கள்.

வக்கீல் பிணைப் பத்திரத்தையும் ஆவணங்களையும் உத்தரவு நகலோடு தாக்கல் செய்வார். உத்தரவு நகல் விஷயத்தில் ஒரு குறிப்பு: நீதிமன்ற இணையதளத்தில் உத்தரவு ஏறியிருக்கும், அதை அச்செடுத்துப் போகலாம் என்பார்கள். சில நடுவர்கள் ஏற்கிறார்கள், சிலர் சான்றிட்ட நகல்தான் வேண்டும் என்கிறார்கள். எங்களிடம் சான்றிட்ட நகல் கேட்டார்கள், புதன்கிழமை அதற்குப் போனது. ஜாமீன் கிடைத்த அன்றே நகல் மனு போட்டுவிடுவது பாதுகாப்பு.

அலுவலகத்தில் ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். பிறகு நடுவர் கூப்பிடுவார். கேள்விகள் எளிமையானவைதான்: பெயர் என்ன, என்ன தொழில், குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு, எவ்வளவு தொகைக்கு ஜாமீன் நிற்கிறீர்கள், ஆள் ஓடிப்போனால் என்ன ஆகும் தெரியுமா. முந்தின நாள் இரவு இதை ஒருமுறை பேசிப் பார்த்துக்கொள்ளுங்கள். மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. எந்த வழக்கு, எந்த ஊர் ஸ்டேஷன் என்றுகூடத் தெரியாமல் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

நடுவர் விடுப்பில் இருந்தால் பொறுப்பு நடுவர் வேறு கட்டடத்திலோ வேறு ஊரிலோ இருப்பார். காலையிலேயே விசாரித்துவிடுங்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை மதியம் வரை காத்திருந்துவிட்டுத்தான் தெரிந்துகொண்டோம். பிறகு சனி, ஞாயிறு. வியாழக்கிழமைக்கு மேல் ஜாமீன் கிடைத்தால் வெள்ளிக்கிழமை முடித்துவிடப் பாடுபடுங்கள். பொங்கல், தீபாவளி போன்ற தொடர் விடுமுறைக்கு முன்னால் என்றால் இரட்டிப்பு வேகம் வேண்டும்.

7. சிறை வாசல்

ஜாமீன்தாரர்களை ஏற்றதும் விடுதலை உத்தரவு தயாராகிச் சிறைக்குப் போகும். அது எப்படிப் போகிறது, யார் கொண்டுபோகிறார், இன்று போகுமா என்று அலுவலகத்தில் பணிவாகக் கேளுங்கள். எங்களுக்குத் திங்கள்கிழமை நாலரைக்குத்தான் ஏற்றார்கள். சிறை நாற்பது கிலோமீட்டர் தள்ளி. மாலையில் கைதிகளை அடைத்துவிட்ட பிறகு உத்தரவு போய்ச் சேர்ந்தால் மறுநாள் காலைதான். அதனால் மதியத்துக்குள் நடுவர் முன் நின்றுவிடுவது ஒரு இரவை மிச்சப்படுத்தும்.

கிளைச் சிறையிலிருந்து மத்திய சிறைக்கு ஆளை மாற்றியிருந்தால் அதை நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் உத்தரவு பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கும்.

வேறு வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பழைய வழக்கில் பிடிவாரண்டோ, வேறு நீதிமன்றம் தன் வழக்குக்காகச் சிறையிலிருந்து ஆளைக் கொண்டுவரச் சொல்லும் பி.டி. வாரண்டோ இருந்தால் இந்த ஜாமீன் மட்டும் வைத்து விடமாட்டார்கள். வேறு காரணத்துக்காகக் காவலில் இருக்க வேண்டியவரை விட வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. சிறையில் மனு போட்டுப் பையனைப் பார்க்கும்போது நேராகக் கேளுங்கள். வீட்டுக்குத் தெரியாத வழக்கு இருக்கும்.

8. செலவு

வக்கீல் கட்டணத்துக்கு ஒரே விலை கிடையாது. ஆனால் ஒன்றை முதல் நாளே பேசுங்கள்: "ஜாமீன் மனுவுக்கு மட்டுமா, ஜாமீன்தாரர் போட்டு வெளியே கொண்டுவரும் வரைக்குமா?" நாங்கள் பேசவில்லை, அதனால் இரண்டாவது முறை கொடுத்தோம். நீதிமன்ற முத்திரை, நகல் கட்டணம், நோட்டரி, ஜெராக்ஸ் எல்லாம் சிறு தொகைகள். உண்மையான செலவு ஜாமீன்தாரர்களின் கூலி நஷ்டமும் போக்குவரத்தும்தான். அவர்கள் கேட்க மாட்டார்கள், நீங்களாகக் கொடுங்கள். சாப்பாடும் வாங்கிக் கொடுங்கள்.

கையில் பணமே இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எதுவானாலும் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100.

9. ஜாமீன்தாரரே கிடைக்கவில்லை என்றால்

வழி இருக்கிறது. தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடப்பவர்கள்தான் அதிகம்.

தொகை அதிகம் என்றால் குறைக்கச் சொல்லி மனு போடலாம். ஜாமீன் தொகை மிகையாக இருக்கக் கூடாது என்று 484-வது பிரிவு சொல்கிறது. செஷன்ஸ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் குறைக்கலாம். ஆளுக்குப் பதில் ரொக்கம் கட்டுகிறோம் என்று 490-இன் கீழ் அனுமதி கேட்கலாம். ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் தர முடியாதவரை வசதியற்றவர் என்றே கருதி, ஜாமீன்தாரர் இல்லாமல் விட வேண்டும் என்கிறது 478.

மேலே சொன்ன 2023 உத்தரவில் இன்னும் சில பயனுள்ள வரிகள் உண்டு. ஜாமீன் கொடுத்த நீதிமன்றம் அன்றோ மறுநாளோ உத்தரவைச் சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளாகியும் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கொடுக்க முடியவில்லை என்றால் நீதிமன்றம் தானாகவே எடுத்து நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். "தானாகவே" என்று நம்பிக் காத்திருக்காமல் நீங்களே ஆணைக்குழு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஏழைக் கைதிகளுக்காக 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் விசாரணைக் கைதி ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கட்ட வழி வைத்தார்கள். அதையும் அங்கேயே கேட்கலாம்.

ஒருவர்மேல் பல வழக்குகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இருவர் என்றால் யாரிடம்தான் போவது? 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில், ஒரு மாநிலத்தில் உள்ள எல்லா வழக்குகளுக்கும் அதே இரண்டு ஜாமீன்தாரர்கள் போதும் என்று உத்தரவிட்டது. உங்கள் நிலைமை அதுவானால் வக்கீலிடம் இதைச் சொல்லுங்கள்.

10. வெளியே வந்த பிறகு

"தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து" என்ற நிபந்தனை இருந்தால் மறுநாளிலிருந்தே தொடங்க வேண்டும். போய்க் கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் படமெடுக்க விடமாட்டார்கள். தேதி, நேரம், அங்கிருந்தவர் யார் என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். சில நாள் தவறினாலே ஜாமீனை ரத்து செய்யப் போலீஸ் மனு போடலாம். உடம்புக்கு முடியாமல் போக முடியவில்லை என்றால் மருத்துவச் சீட்டோடு வக்கீலிடம் அன்றே சொல்லிவிடுங்கள். கொஞ்ச நாள் ஒழுங்காகப் போட்ட பிறகு நிபந்தனைத் தளர்வு மனு போடலாம்.

வாய்தாவுக்குப் போகாவிட்டால் பையனுக்குப் பிடிவாரண்ட் வரும். அதோடு ஜாமீனில் வந்து ஆஜராகாமல் போவதே பாரதிய நியாய சன்ஹிதா 269-இன் கீழ் தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறை. ஜாமீன்தாரர்களுக்கு, ஏன் அந்தத் தொகையைக் கட்டக் கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். வந்தால் ஒளியக் கூடாது, வக்கீலோடு போய்ப் பதில் சொல்ல வேண்டும். காரணம் நியாயமாக இருந்தால் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கட்டவுமில்லை, வசூலிக்கவும் முடியவில்லை என்றால் ஆறு மாதம் வரை சிவில் சிறை வரைக்கும் போகும். நம்மை நம்பிக் கையெழுத்துப் போட்டவரை அந்த இடத்தில் நிறுத்தலாமா?

பையனின் போக்கு சரியில்லை, நான் விலகிக்கொள்கிறேன் என்று ஜாமீன்தாரர் எப்போது வேண்டுமானாலும் மனு போடலாம், 489-வது பிரிவு. அப்போது பையனை வரவழைத்து வேறு ஜாமீன்தாரர் கேட்பார்கள், தராவிட்டால் மறுபடி உள்ளே. ஜாமீன்தாரர் இறந்துவிட்டாலும் வேறு ஆளைக் கேட்கலாம். ஆள் தப்பிப் பத்திரம் பறிமுதலாவதற்கு முன்பே அவர் இறந்திருந்தால் அவர் குடும்பத்துச் சொத்துக்குப் பாதிப்பில்லை.

வழக்கு முடிந்தாலும் ஒரு கையெழுத்து மிச்சம் இருக்கும். மேல்முறையீடு வந்தால் ஆஜராவேன் என்று ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகும் பிணை ஒன்றை, வழக்கு முடிவதற்கு முன் கேட்பார்கள். திடீரென்று அதற்கும் ஆள் தேட வேண்டாம், பழைய ஜாமீன்தாரர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

நீதிமன்றத்தில் அசல் ஆவணம் கொடுத்திருந்தால் திரும்பப் பெறத் தனி மனு போட வேண்டும், அவர்களாக அழைத்துத் தரமாட்டார்கள். எங்கள் இரண்டாவது ஜாமீன்தாரர் வழக்கு முடிந்து ஒரு வருடம் கழித்து ஸ்கூட்டரை விற்கப் போனபோதுதான் ஆர்.சி. எங்கே என்று தேடினார். எந்த வழக்கு எண், எந்தத் தேதி என்று எங்கள் யாருக்கும் நினைவில்லை. அக்கா பீரோவில் பழைய பிணைப் பத்திர நகல் ஒன்று அகப்பட்டது. அதில் இருந்த குற்ற எண்ணை வைத்து மனு போட்டு, மூன்றாவது முறை போனபோது ஆர்.சி. கைக்கு வந்தது.